பூட்டிய ஆய்வகமும் ஸ்புட்னிக்கின் 'பீப்' ஒலியும்

மலர்க்குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். "சார், போன வருஷம் நம்ம காலேஜ் ஹாக்கத்தானுக்கு ஜட்ஜா வந்தீங்களே, அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். அதற்கென்ன என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். பேனா நேராகப் போன வருடத்துக்குப் போகாமல் 1957-க்கும் 1988-க்கும் ஓடிவிட்டது. அறுபதை எட்டிக்கொண்டிருப்பவனிடம் கட்டுரை கேட்டால் இந்த ஆபத்து உண்டு. மலர்க்குழு பொறுத்தருள வேண்டும்.

முதலில், எங்கள் 1985-89 பிரிவு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். ஹாக்கத்தான் என்றால் என்ன என்று போன சந்திப்பிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு கூட்டம் பேர் ஓரிடத்தில் கூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ தூக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு சிக்கலைப் பிடித்துக்கொண்டு தீர்க்கப் பார்ப்பது. அவ்வளவுதான். நாம் பரீட்சைக்கு முந்தின இரவு செய்ததுதான், ஆனால் விருப்பத்தோடு செய்வது. இந்தச் சொல் 1999 ஜூனில் புழக்கத்துக்கு வந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதிவந்த பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் கூடினார்கள். அவர்கள் கனடாவில் கூடியதற்குக் காரணம் உண்டு. சங்கேத மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினார்கள். ஹாக்கத்தான் பிறக்கும்போதே பாதுகாப்புத் துறையின் வாசற்படியில்தான் பிறந்தது என்று சொல்லலாம்.

சொல் புதிது. சங்கதி பழையது.

1957 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. சோவியத் நாடு ஸ்புட்னிக்கை அனுப்பியது. சுமார் 84 கிலோ எடை, 58 சென்டிமீட்டர் விட்டம், நான்கு ஆன்டெனாக் கம்பிகள். 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒன்று, 40-ஐ ஒட்டி ஒன்று என இரண்டு அலைவரிசைகளில் 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டே போனது. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றுதான் அந்த அலைவரிசை.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் என்று ஒன்று. கடற்படைக்கான வேலைகளே அங்கு அதிகம். வார இறுதி கழிந்து திங்கட்கிழமை மத்தியானம் அங்கே கேன்டீனில் எல்லோரும் ஸ்புட்னிக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்களுக்கு ஓர் ஆச்சரியம். இத்தனை பேர் பேசுகிறோம், ஒருவரும் அதைக் கேட்கவில்லையே! வைஃபென்பாக் முனைவர் பட்டத்துக்காக மைக்ரோவேவ் நிறமாலை ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அவரிடம் 20 மெகாஹெர்ட்ஸ் பிடிக்கும் நல்ல ரிசீவர் ஒன்று இருந்தது. ஒரு துண்டு வயரை ஆன்டெனாவாக மாட்டினார்கள். பீப் கேட்டது.

கேட்டதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த ஒலியின் சுருதி மெல்லக் கீழே இறங்குவதை அவர்கள் கவனித்தார்கள். நம் பிளஸ் டூ பாடம்தான். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்து போகும்போது கனமாகவும் கேட்கும் டாப்ளர் விளைவு. ஸ்புட்னிக் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் போனதால், 20 மெகாஹெர்ட்ஸில் வரும்போதும் போகும்போதுமாகச் சேர்த்து சுமார் 1,000 ஹெர்ட்ஸ் வரை மாறும். காதுக்கே தெரியும். அந்த மாற்றத்தை வரைபடமாகப் போட்டால் ஒரு வளைவு கிடைக்கும். வளைவு எந்த நொடியில் மிகச் செங்குத்தாக இறங்குகிறதோ, அந்த நொடியில் விண்கலம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. எவ்வளவு செங்குத்து என்பது எவ்வளவு அருகில் என்பதைச் சொல்லிவிடும். இப்படி ஒரே ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ரேடாரும் இல்லாமல், தொலைநோக்கியும் இல்லாமல், ஒலியை மட்டும் வைத்து அந்தப் பந்தின் முழுச் சுற்றுப்பாதையையும் கணக்கிட்டுவிட்டார்கள்.

அவர்களுக்கு இந்த வேலையை யாரும் தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. ஆய்வகக் கணிப்பொறியில் நேரம் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்காரர்கள் எட்டிப்பார்த்து யோசனை சொன்னார்கள். 'உன் டிபார்ட்மென்ட் வேலையைப் பார்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அன்றோடு படுத்திருக்கும்.

1958 மார்ச்சில் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்லூர் இருவரையும் கூப்பிட்டார். நாம் இருக்குமிடம் தெரிந்தால் விண்கலத்தின் பாதையைக் கண்டுபிடிக்க முடிகிறது. அப்படியானால் பாதை தெரிந்தால் நாம் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. முடியும் என்று கணக்கு சொன்னது. மெக்லூர் ஏன் கேட்டார் என்றால், அப்போது அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைகளைச் சுமக்கும் நீர்மூழ்கிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. கடலுக்கு அடியில் நாள்கணக்கில் அலையும் கப்பலுக்குத் தான் எங்கிருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாவிட்டால், ஏவுகணை எங்கே விழும் என்று எப்படிச் சொல்வது?

இப்படிப் பிறந்ததுதான் டிரான்ஸிட், உலகின் முதல் விண்கல வழிகாட்டும் அமைப்பு. 1960 ஏப்ரலில் அதன் முதல் விண்கலம் வெற்றிகரமாகச் சுற்றத் தொடங்கியது. 1964-ல் கடற்படைப் பயன்பாட்டுக்கு வந்தது. 1967-ல் வணிகக் கப்பல்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஜி.பி.எஸ். வந்து இடம்பிடித்த பிறகு 1996 இறுதியில் ஓய்வுபெற்றது. கேன்டீன் பேச்சுக்கும் நீர்மூழ்கிக்கும் நடுவே ஏழு வருடங்கள்கூட இல்லை.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன்.

1988. எங்கள் கம்யூனிகேஷன் லேபில் ஒரு ரிசீவர் இருந்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? மூலையில், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், பச்சைத் துணி உறை போட்டு, சரஸ்வதி பூஜை அன்று மட்டும் உறையை எடுத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்களே, அதுதான். மற்ற 364 நாளும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டும். துறைத்தலைவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பயம் அப்படி. இன்னொரு ரிசீவர் வாங்க எத்தனை வருடம் ஃபைலோடு அலைந்திருப்பாரோ.

என் அறைத்தோழன் எங்கிருந்தோ ஒரு ரேடியோ பத்திரிகை கொண்டுவந்தான். ஆர்.எஸ்.-10 என்று ஒரு சோவியத் அமெச்சூர் ரேடியோ விண்கலம், 1987 ஜூனில் அனுப்பியது, 29.357 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் சங்கேதத்தில் பேசிக்கொண்டே போகிறது என்று அதில் போட்டிருந்தது. நாங்கள் மூன்று பேர். லேப் அட்டெண்டர் அண்ணனிடம் போய் நின்றோம். "அண்ணே, ஒரு அரை மணி நேரம்." "வேணாம் தம்பிகளா, என் வேலைக்கு உலை வெச்சிராதீங்க." மூன்று நாள் நச்சரித்தோம். நான்காம் நாள் இரவு, மெஸ் முடிந்த பிறகு, சாவியைக் கொடுத்துவிட்டு அவர் வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜன்னலிலிருந்து வேப்பமரத்துக்கு ஒரு வயர். இரண்டு இரவு வெறும் இரைச்சல். மூன்றாம் இரவு, ஒன்பதே காலை ஒட்டி, கொசுச் சத்தம் போல ஒரு மோர்ஸ். பதினைந்து நிமிடத்துக்கும் மேல் கேட்டது. சுருதி இறங்கிக்கொண்டே போய் மறைந்தது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிடம் ஒரு நூறு லெக்சருக்குச் சமம் என்று எழுதினால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். எழுதிவிட்டேன்.

டேப் ரெகார்டரில் பிடித்து, மறுநாள் ஆடியோ ஜெனரேட்டரோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, கிராஃப் தாளில் புள்ளி வைத்தோம். எஸ் போல வளைவு வந்தது. ஆனால் தூரம் கணக்குப் போட்டால் ஏறுக்கு மாறாக வந்தது. ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் கேசட் பிளேயரின் வேகம் ஒரே சீராக இல்லை. சுருதியும் பொய், நேரமும் பொய். கையரும் வைஃபென்பாக்கும் பீப் ஒலியோடு அமெரிக்க அரசின் நேரம் அறிவிக்கும் வானொலியையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். அதனால் அவர்களுக்கு நேரம் கையிலேயே இருந்தது. நமக்கும் டில்லியிலிருந்து ஏ.டி.ஏ. என்ற நேர ஒலிபரப்பு இருக்கத்தான் செய்தது. கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஆர்.எஸ்.-10 தனி விண்கலமே இல்லை. காஸ்மாஸ் 1861 என்ற சோவியத் வழிகாட்டும் விண்கலத்தின் முதுகில் ஏறிப்போனது. அந்தப் பெரிய விண்கலம் செய்த வேலை, டிரான்ஸிட் போலவே, டாப்ளரை வைத்துக் கப்பல்களுக்கு இடம் காட்டுவது! நாங்கள் கேட்ட கொசுச் சத்தம் அந்தக் கேன்டீன் மேசையின் எதிரொலி என்று அன்று யாருக்குத் தெரியும்?

பிறகு மாட்டிக்கொண்டோம். யாரோ உறையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். அட்டெண்டர் அண்ணனுக்கு மெமோ. ஓர் இன்கிரிமென்ட் நிறுத்தம் என்று கேள்வி. துறைத்தலைவர் அறையில் நாங்கள் மூவரும் வரிசையாக நின்றோம். "நாங்கதான் சார் கெஞ்சினோம், அவர் மேல தப்பில்ல" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ நேரம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் உட்பட.

அதன்பின் என் தொழில் தரைநிலைய வேலையாகவே அமைந்துவிட்டது. விண்கலத்துக்குக் கட்டளை அனுப்புவதும் அது சொல்வதைக் கேட்பதும். நான் இருந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) கட்டளைகளுக்கு இருந்த பாதுகாப்பு, ஒரு முள்வேலியும் ஒரு வாட்ச்மேனும். நாமே ஒருமுறை உள்ளே புகுந்து பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்போமே என்று நான் குறிப்பு எழுதினேன். "இல்லாத ஓட்டையை நாமே ஏன் தேடணும்?" என்று பதில் வந்தது. மறுபடியும் அதே பச்சைத் துணி.

ஓட்டை இல்லாமலா? 1986 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. சேனலில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் திடீரென்று ஓர் எதிர்ப்பு வாசகம் வந்து நின்றது. மாதக் கட்டணம் 12.95 டாலர் அதிகம் என்று. ஃப்ளோரிடாவில் டிஷ் ஆன்டெனா விற்றுக்கொண்டு, ஒளிபரப்பு நிலையம் ஒன்றிலும் பகுதிநேர வேலை பார்த்த ஒருவர், அந்த நிலையத்தின் பெரிய ஆன்டெனாவைத் திருப்பி, சேனலின் சிக்னலைவிட வலுவாகத் தன் சிக்னலை அனுப்பிவிட்டார். நாலரை நிமிடம். அது சிரிப்பதற்கு. 2022 பிப்ரவரி 24 சிரிப்பதற்கில்லை. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், கே.ஏ.-சாட் விண்கலத்தின் இணையச் சேவையைத் தாக்கி ஐரோப்பா முழுதும் பல்லாயிரம் மோடம்களைச் செயலிழக்கச் செய்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளுடன் தொலைத்தொடர்பு அறுந்தது. காற்றாலை சுற்றியது, ஆனால் அதைத் தூரத்திலிருந்து பார்க்க முடியவில்லை. விண்கலத்தை யாரும் தொடவே இல்லை. தரையில் நிர்வாக வலையமைப்பில் சரியாகப் பூட்டாத ஒரு கதவு வழியாகப் போனார்கள்.

இந்தப் பின்னணியில்தான் அமெரிக்க விமானப்படை ஒரு காரியம் செய்தது. எங்கள் தலைமுறை அதிகாரிகள் கேட்டால் மயக்கம் போடுவார்கள். 2019-ல் லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டுக்கு எஃப்-15 போர்விமானத்தின் ஒரு கருவியையே கொண்டுபோய் மேசைமேல் வைத்து, உடைத்துப் பாருங்கள் என்றது. உடைத்தார்கள். விமானப்படையின் கொள்முதல் பொறுப்பில் இருந்த வில் ரோப்பர், அடுத்த வருடம் விண்கலத்தையே தருகிறோம் என்றார். அதுதான் ஹேக்-எ-சாட்.

2020 மே மாதம் தகுதிச் சுற்று. கொரோனா காலம், எல்லோரும் வீட்டுக்குள். 2,000-க்கும் மேற்பட்ட அணிகள் இணையம் வழியே கலந்துகொண்டன. ஆகஸ்டில் இறுதிச் சுற்றுக்கு எட்டு அணிகள். அவர்களுக்குக் கொடுத்தது 'ஃபிளாட்சாட்'. அதாவது விண்கலத்தின் உறுப்புகளைப் பெட்டிக்குள் அடைக்காமல் மேசைமேல் பரப்பிவைத்த மாதிரி. கல்யாணத்துக்குச் சீர்வரிசை பரப்புவோமே, அப்படி. கட்டுப்பாட்டை இழந்து சுழலும் விண்கலத்தைத் திரும்பப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. கடைசிப் பரீட்சை, உண்மையிலேயே மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்கலத்தைத் திருப்பி நிலாவைப் படமெடுக்க வைக்கும் திட்டம். பி.எஃப்.எஸ். என்ற அணி வென்று 50,000 டாலர் பரிசு பெற்றது. நிலாப் படமும் வந்தது. இரண்டாமிடம் பெற்ற போலந்துக்காரர்கள் தங்கள் அணிக்கு வைத்திருந்த பெயர் 'போலந்தாலும் விண்வெளிக்குப் போக முடியும்' என்ற பொருளில். எனக்கு அந்தப் பெயர் மிகப் பிடித்தது.

2021-ல் பிரான்ஸைச் சேர்ந்த சோலார் வைன் அணி வென்றது. 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். போட்டிக்கென்றே மூன்லைட்டர் என்ற குட்டி விண்கலம். ரொட்டிப் பாக்கெட் அளவு. ஜூன் 5 அன்று ராக்கெட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலையில் அங்கிருந்து வெளியே விடப்பட்டது. ஆகஸ்டில் ஐந்து அணிகள் தரையிலிருந்து அதை முற்றுகையிட்டன. படமெடுக்கக் கூடாது என்று மென்பொருளில் தடைவைத்த இடத்தைத் தடையைத் தாண்டிப் படமெடுப்பது ஒரு பணி. இத்தாலியின் எம்ஹேக்கரோனி அணி முதலிடம். மாக்கரோனியைச் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், பயல்கள்.

நம் நாட்டிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில்தான் ஐடெக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். முப்படைகளின் சிக்கல்களை வெளிப்படையாகச் சொல்லிச் சிறு நிறுவனங்களிடமும் தனி ஆட்களிடமும் தீர்வு கேட்பது. 2022 அக்டோபரில் காந்திநகர் கண்காட்சியில் விண்வெளிப் பாதுகாப்புக்கென்றே 75 சவால்களை அறிவித்தார்கள். இங்கே படிக்கும் தம்பி தங்கைகள் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாதியாவது நம் லேபில் தொடங்கக்கூடிய விஷயம்.

இப்போது போன வருடத்துக்கு வந்துவிட்டேன். 36 மணி நேரம். நம் கல்லூரி விண்கலக் கழகத்துப் பிள்ளைகள் இரண்டு வருடமாகச் சேர்த்த ஒரு ஃபிளாட்சாட் மேசைமேல். விதி: புகுந்து பார், பிறகு அந்த ஓட்டையை அடை. இரவு மூன்று மணிக்கு இரண்டாம் ஆண்டு மாணவிகள் நால்வர் அணி கூச்சலிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தரைநிலையம் அனுப்பும் கட்டளைகளில் ரகசிய முத்திரை இருக்கிறது, அதை உடைக்க முடியாது. இவர்கள் உடைக்கவே இல்லை. முத்திரையோடு போன ஒரு கட்டளையை அப்படியே பதிவு செய்து, திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். விண்கலத்துக்கு அது பழைய கட்டளை என்று தெரியாது. முத்திரை சரியாக இருக்கிறதே! திருப்புச்சக்கரத்தின் வேகத்தைக் கூட்டும் கட்டளை அது. கூட்டினது, கூட்டினது, மோட்டாரை ஓட்டும் போர்டு கருகி வாசனை வந்தது.

பொறுப்பாசிரியர் கொதித்துவிட்டார். "காலேஜ் ப்ராப்பர்டி சார் இது. டிஸ்குவாலிஃபை பண்ணணும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் போர்டுக்கு பில், ஸ்டாக் ரிஜிஸ்டர், கையெழுத்து எல்லாம் அவர் தலையில். நால்வரும் வரிசையாக நின்றார்கள். வாய் திறக்கவில்லை. அந்த வரிசையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

நடுவர்கள் நாங்கள் ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில், கட்டளை ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைச் சேர்த்து, முந்தையதைவிடப் பெரிய எண் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று மென்பொருள் எழுதி ஓட்டையை அடைத்த வேறோர் அணிக்கு முதல் பரிசு. இந்த நால்வருக்கு இரண்டாம் பரிசு. எனக்கு இன்றும் அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எண்ணம். மற்ற இரு நடுவர்கள் ஒப்பவில்லை. போர்டின் விலையை நான் கொடுத்துவிட்டேன். பொறுப்பாசிரியர் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

விடிகாலை டீக்கு நிற்கும்போது அந்த அணியில் ஒரு பெண் என்னிடம் வந்து, "சார், இதெல்லாம் கடைசியில சண்டைக்குத்தானே போகும்?" என்றாள். நான் அவளுக்கு பி.எஸ்.எல்.வி.-சி44 கதையைச் சொன்னேன். 2019 ஜனவரி 24 அன்று அந்த ராக்கெட்டில் இரண்டு போயின. ஒன்று, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் குழுவின் மாணவர் விண்கலம் கலாம்சாட்-வி2, எடை 1.26 கிலோ. இன்னொன்று மைக்ரோசாட்-ஆர். மார்ச் 27 அன்று நம் நாடு ஏவுகணையால் அடித்து நொறுக்கிய விண்கலம் அந்த மைக்ரோசாட்-ஆர்தான். ஒரே ராக்கெட்டில் பிள்ளைகளின் கனவும் ஏவுகணையின் இலக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கின்றன. கையர் கதையையும் சொன்னேன். அவர் போட்ட கணக்கு அணுகுண்டுக்கும் வழிகாட்டியது, சரக்குக் கப்பலுக்கும் வழிகாட்டியது.

"அப்ப இத்தனை வருஷம் நீங்க என்ன சார் நெனச்சுக்கிட்டு வேலை செஞ்சீங்க?" என்றாள்.

டீ வந்துவிட்டது. பதில் சொல்லாமல் தப்பித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லத் தெரியவில்லை.

அட்டெண்டர் அண்ணனைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவர் ஊரை விசாரித்துக்கொண்டு போனேன். வயல்காட்டு ஓரம் வீடு, காது கொஞ்சம் மந்தம். பெயரைச் சொல்லி, 88-ல் அந்த ரிசீவர் விவகாரத்துல உங்களுக்கு மெமோ வந்துச்சே அண்ணே, அதுக்கு மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். வெகுநேரம் யோசித்தார். "எந்த மெமோப்பா? எனக்கு ஏழெட்டு வந்துச்சு" என்றார். பிறகு மோர் கொண்டுவரச் சொன்னார்.

ரிசீவர் இன்னும் லேபில் இருக்கிறது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், 'பாரம்பரியக் கருவி' என்ற அட்டையோடு. சந்திப்பு நாளன்று அதைத் திறந்துவைக்க முதல்வரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ஜன்னல் ஓரத்து வேப்பமரமும் இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன். ஆர்.எஸ்.-10 பதிவான அந்தக் கேசட் என்னிடம் பத்திரமாக உள்ளது. ஓடுகிற டேப் ரெகார்டர் எவரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொண்டு வரவும். என்னுடையது இன்னும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.